மரக்காணத்துச் சுவர்ப்பாசிக்கு எந்தப் பெயர்?

மரக்காணத்து உப்பளப் பகுதியில் இயற்கையான பாறை இல்லை. பாத்தியும் வரப்பும் களிமண். அதைத் தாண்டினால் மணல். பாறைப்பாசி பற்றுவதற்கு அங்கே இருக்கும் கல்லெல்லாம் மனிதர் கொண்டுவந்து சேர்த்தவை: பூமீஸ்வரர் கோயிலின் கருங்கல், பழைய கிணறுகளின் செங்கல், வடக்கே கடப்பாக்கத்துக்கு அருகில் இடிந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டையின் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இயற்கைப் பாறை வேண்டுமென்றால் திண்டிவனம் சாலையில் பெருமுக்கல் குன்றுக்குத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட கரையில் சுவரில் அப்பியிருக்கும் பச்சைத் திட்டை எந்த இனம் என்று எப்படித் தீர்ப்பது? நான் பேசுவது குளத்தில் மிதக்கும் பாசியை அல்ல. தண்டும் இலையும் கொண்ட, மாஸ் எனப்படும் சிறு செடியை.

முதலில் உப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். மாஸின் இலை பெரும்பாலும் ஒரே அடுக்குச் செல்லால் ஆனது. நீரை உறிஞ்சும் வேர் அதற்குக் கிடையாது. இலைப்பரப்பு முழுவதாலும் நீரை வாங்குகிறது. நீரில் உப்பு இருந்தால் அதையும் தடுக்க வழியில்லை. பாத்தி வரப்பில் மாஸ் காணக் கிடைக்காததற்கு இதுவே காரணம். விதிவிலக்கு உண்டு. ஐரோப்பா, வட அமெரிக்காவின் குளிர்ந்த கடற்கரைகளில், அலை தெறிக்கும் பாறையிலேயே ஷிஸ்டிடியம் மாரிட்டிமம் என்ற மாஸ் வாழ்கிறது. அதைப் படித்துவிட்டு நம் கரையிலும் கடல் மாஸைத் தேடுவது வீண். நம் கரையின் மாஸ் உப்போடு மோதுவதில்லை, உப்பு ஒதுங்கும் காலத்தில் வளர்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கி உப்பு வாருவது நிற்கும்போதுதான் சுவர் கழுவப்பட்டு, பாசி பச்சை பிடிக்கிறது. உப்பளத்துக்கு ஓய்வுக் காலம் எதுவோ அதுவே பாசிக்கு வளர்காலம். மாதிரி எடுப்பவர் கோடையில் போனால் கருகிய தூளைத்தான் கொண்டுவருவார்.

பெயர் என்று வரும்போது மூன்று வாதங்கள் எழக்கூடும். ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்ப்போம்.

முதல் வாதம், கல்லில் வளர்வதால் இது கிரிம்மியா என்பது. குளிர்நாட்டுக் கையேடுகளில் பாறைப்பாசி என்றதும் முதலில் வரும் பேரினம் அதுதான். அதன் பல இனங்களில் இலைநுனி வெண்மயிராக நீண்டிருக்கும். கடலோரச் சுவரில் காய்ந்த திட்டின் நுனிகளும் வெண்மையாகத் தெரியலாம். இங்கே ஏமாறுவது எளிது. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸை வைத்துக்கொண்டு ஒரு சொட்டு நன்னீரை விட்டால் போதும். உப்புப் படிவம் கரைந்து மறையும், மயிர்நுனி கரையாது. கரைந்துவிட்டால் கிரிம்மியாவுக்கு ஆதரவாக இருந்த ஒரே சான்றும் போய்விடுகிறது. கிரிம்மியா குளிர்ப்பகுதிகளுக்கும் உயர்மலைகளுக்கும் உரியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வெப்பச் சமவெளிக் கரையில் இந்த வாதம் நிற்காது.

இரண்டாவது வாதம், தமிழ்நாட்டு மலைப்பாசிகளைப் பற்றிய கட்டுரையை வைத்துப் பெயரிடுவது. செண்பகனூரில் இருந்த இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபோரோ 1961இல் பழனிமலை மாஸ்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரை நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். ஆனால் அது மேகம் தவழும் சோலைக்காட்டின் கணக்கு. மலைக்கு எழுதிய திறவுகோலை, அதாவது கேள்வி கேள்வியாக இனத்தை நோக்கி நடத்தும் பட்டியலை, கடற்கரைக்குக் கொண்டுவந்தால், அதில் இருக்கும் இனங்களுக்குள்ளேயே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் வந்துவிடும். இல்லாத இனத்தைத் திறவுகோல் ஒருபோதும் சொல்லாது. குறை கட்டுரையில் இல்லை, பயன்படுத்துபவரிடம் இருக்கிறது.

மூன்றாவது வாதம், இது பொட்டியேசி குடும்பத்தின் ஹையோஃபிலா இன்வொலூட்டா என்பது. இந்தியச் சமவெளியின் சுவர்களில் சாதாரணமாகக் காணப்படும் இனம். சுண்ணாம்புள்ள பரப்பு அதற்குப் பிடிக்கும். ஆகவே வாதம் வலுவானதுதான். ஆனால் சாதாரணமாகக் கிடைப்பது என்பதே சான்றாகிவிடாது. அதன் அருகிலேயே, அதே சுவரில், பார்புலா இண்டிகா வளரலாம். இந்திய நூல்கள் பலவற்றில் அதன் பெயர் செமிபார்புலா ஓரியெண்டாலிஸ். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் சில மில்லிமீட்டர் உயரம், இரண்டிலும் இலைக்கக்கத்தில் ஜெம்மா என்னும் இனப்பெருக்கத் துண்டுகள் உண்டு. ஜெம்மாவைப் பார்த்ததும் பெயர் எழுதுவது அவசரம்.

தீர்ப்பு மைக்ரோஸ்கோப்பின் கீழ்தான் கிடைக்கும். ஹையோஃபிலா இன்வொலூட்டாவின் இலை காயும்போது இரு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு குழலாகும். நனைத்தால் சிறிது நேரத்தில் விரிந்து ரோஜா அடுக்காகப் படரும். நுனிப்பக்க விளிம்பில் பற்கள் இருக்கும். பிளேடால் மெல்லியதாக இலையைக் குறுக்கே வெட்டினால், செல்களின் மேற்பக்கம் குமிழாகப் புடைத்தும் அடிப்பக்கம் வழுவழுப்பாகவும் தெரியும். பார்புலா இண்டிகாவிலோ செல்கள் நெருக்கமான முட்புள்ளிகளால் சொரசொரத்திருக்கும். விளிம்பில் பற்கள் இருக்காது. நடுநரம்பின் முதுகும் சொரசொரப்பாக இருக்கும்.

ஸ்போர் பை கிடைத்தால் வேலை எளிது. ஹையோஃபிலாவின் பைவாயில் பல்வரிசை இல்லை, பார்புலாவுக்கு உண்டு. ஆனால் பல்வரிசையை மட்டும் நம்பியதன் விலையை ஹையோஃபிலா இன்வொலூட்டாவின் வரலாறே காட்டுகிறது. 1819இல் தாவரவியலாளர் ஹூக்கர் நேபாள மாதிரியை வைத்து இதை விவரித்தபோது, வாய் மொட்டையாக இருந்ததால் ஜிம்னோஸ்டோமம் என்ற பேரினத்தில் சேர்த்தார். பல்வரிசையை இழந்த மாஸ்கள் பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியவை. இல்லாமை ஒன்றை வைத்து உறவு சொல்ல முடியாது. பிரிடெல் 1827இல் ஹையோஃபிலா பேரினத்தை நிறுவினார்; யேகர் 1873இல் இந்த இனத்தை அதற்குள் கொண்டுவந்தார். ரிச்சர்ட் ஸாண்டர் 1993இல் பொட்டியேசியின் பேரினங்களைப் புற உருவம், திசு அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு முழுதாக மறுவரையறை செய்தார். 2004இல் வெளியான குளோரோபிளாஸ்ட் மரபணு ஆய்வு அந்த வகைப்பாட்டுக் கட்டடத்தின் சில சுவர்களை இடித்தது. ஆகவே பேரினப் பெயர்கள் இன்னும் இடம்பெயரக்கூடும். இதனால் இனம் காண்பது பயனற்றது என்று முடிவுகட்டுவது தவறு. பெயர் மாறினாலும் குறுக்குவெட்டில் பார்த்த குமிழ்ச் செல் மாறாது. அதைப் பதிவு செய்திருந்தால் எந்தப் புதுப் பெயருக்கும் மாதிரியை மாற்றிக்கொள்ளலாம்.

எனவே என் தீர்ப்பு இது. காய்ந்தால் குழலாகும் இலை, விளிம்புப் பற்கள், ஒருபுறம் மட்டும் புடைத்த செல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஹையோஃபிலா இன்வொலூட்டா என்று துணிந்து எழுதலாம். பற்கள் தெளிவில்லாவிட்டால் ஹையோஃபிலா என்ற பேரினத்தோடு நிறுத்த வேண்டும்; மேலே ஓர் எழுத்தும் எழுதக்கூடாது. வெறும் படத்தை வைத்துச் சொன்ன பெயர், எவ்வளவு பெரிய நிபுணர் சொன்னாலும், அனுமானம்தான். மாதிரியைக் காகித உறையில் உலர்த்தி, எந்தக் கல், சாந்தா கருங்கல்லா, கடலிலிருந்து எவ்வளவு தூரம், எந்த மாதம் என்று குறித்து ஓர் உலர்தாவரக் கூடத்தில் சேர்த்தால்தான் பதிவு பதிவாகும்.

ஏ. இ. டி. டேனியல்ஸ் 2010இல் தொகுத்த தமிழ்நாட்டு பிரையோபைட்டுப் பட்டியல் நமக்கு அடித்தளம் தந்துவிட்டது. அதன்மேல் கட்ட வேண்டியது சமவெளிக்கும் கடலோரத்துக்குமான தனித் திறவுகோல். அதில் முதல் கேள்வி "எந்தக் கல்லில்?" என்றும், இரண்டாவது கேள்வி "நனைத்தபின் என்ன ஆனது?" என்றும் இருக்க வேண்டும். மலையை மட்டும் அளந்துவிட்டு மாநிலத்தை அளந்ததாகச் சொல்வதை ஏற்க முடியாது.