பதினாறும் முப்பத்தொன்றும்

என் வீட்டுக்காரர் இறந்த இரண்டாம் வருஷம், நாகப்பட்டினத்தில் கப்பலேறி யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் இறங்கினேன். 2023 அக்டோபரில் மறுபடி விட்ட கப்பல். நாலு மணி நேரப் பயணம். தெரிந்த குடும்பத்து அந்தியேட்டி, கீரிமலையில். அங்கே ஓர் அக்கா கேட்டார்: “உங்கட பக்கம் பதினாறோட எல்லாத்தையும் முடிச்சுப்போடுவியள், என்ன?” பதில் சொல்ல வரவில்லை. எங்கள் ஊரான பாகூர் திரும்பியும் அந்தப் பேச்சு மனசில் அடங்கவில்லை.

நமக்கு எழவு வீடு, யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குச் செத்தவீடு. நம் பால் தெளிப்பு அங்கே காடாற்று. நமக்குப் பதினாறாம் நாள் கருமாதி. அவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, கீரிமலையில் கடலை ஒட்டி ஊறும் நன்னீர்க் கேணியில் முழுக்கு, பிறகு வீட்டுக்கிருத்தியம். அப்பாவுக்கு ஆடி அமாவாசை, அம்மாவுக்குச் சித்திரா பௌர்ணமி என்று விரதத்தையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். போரில் பல வருஷம் அந்தக் கரைக்கே போக முடியாதிருந்தவர்கள். நாள் கணக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது நியாயம்தான்.

கல்வெட்டு என்றால் நமக்கு மூலநாதர் கோயில் சுவர். அங்கே அது அந்தியேட்டியன்று கையில் தரும் சிறு புத்தகம்: இறந்தவர் படம், தேவாரம், வம்சாவளி, ‘மனைவி புலம்பல்’ என்று ஒரு பாட்டு. அந்தப் பக்கத்தோடு மூடிவிட்டேன். ராத்திரி ஏரித் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, சேற்றுக் காலோடு வாசப்படியில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீர் கேட்பாரே, அந்தக் குரல் காதில் விழுந்தது.

எங்கள் ஊரில் புலம்பலை யாரும் எழுதித் தருவதில்லை. அவரைக் கிடத்தியிருந்தபோது பெண்கள் தோளோடு தோள் கட்டி உட்கார, நானே பாடினேன். அவர் எடுத்துத் தந்த புடவையையும், பேசாமல் கிடந்த நாட்களையும் சொல்லி அழுதேன். அங்கேயும் ஒப்பாரி உண்டாம். நான் இருந்த நாலு நாளில் காதில் விழவில்லை.

பதினாறோடு எங்களுக்கும் முடிவதில்லை. அமாவாசைக்கு மகன் திருக்காஞ்சியில் சங்கராபரணிக் கரையில் எள்ளும் தண்ணீரும் விடுகிறான். பொங்கலுக்கு முன் புது வேட்டி வைத்து, அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்போடு படைக்கிறேன். வாசமுள்ள நினைப்பு அது. எந்தப் புத்தகத்திலும் வராது.

ஆனால் வம்சாவளி எழுதும் வழக்கத்தை அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். என் பேத்திக்கு அவள் தாத்தாவின் அப்பா பேர் தெரியாது. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துப் பெண்களே, ஒப்பாரி சொல்லும் கிழவிகள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். பேரையும் பாட்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.