தேநீருக்கு நடுவே உலகம் அழிகிறது

கேரில் சர்ச்சிலின் ‘எஸ்கேப்ட் அலோன்’ 2016 ஜனவரியில் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறியது. ஒரு மணி நேரம்கூட ஓடாது. எழுபது வயதாவது ஆன நான்கு பெண்கள் கொல்லைப்புறத்தில் தேநீரோடு கதை பேசுகிறார்கள். அவ்ளோதான்.

நடுநடுவே மிஸஸ் ஜாரட் மட்டும் தனியே நின்று உலகம் அழிந்த கதையைச் சொல்கிறாள். பஞ்சம் எப்படி வந்ததாம்? உணவில் எண்பது சதவீதத்தை டிவி நிகழ்ச்சிகளுக்குத் திருப்பிவிட்டார்களாம். சிரிக்கிறோம். அதற்குள் அவள் தோழிகளோடு உட்கார்ந்துவிடுகிறாள். மற்றவர்கள் ஒன்றுமே கேட்டதில்லை.

பேரழிவைக் காட்டினால்தான் காலத்தின் பயத்தைக் காட்ட முடியும் என்று பல நாடகங்கள் நம்புகின்றன. சர்ச்சில் எதையுமே காட்டவில்லை. அரட்டையும் அழிவும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. எரியும் ஊரை விரலால் தள்ளிவிட்டு அடுத்த சமையல் வீடியோவைப் பார்க்கிறோமே, அதேதான்.

ஆனால் இது வெறும் கிண்டலாக நின்றிருந்தால் நாம் தப்பித்திருப்போம். தோழிகளுக்கும் ஆளுக்கொரு பயம். ஒருத்திக்குப் பூனை. ஒருத்தியால் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. இன்னொருத்திக்குச் சமையலறை ஆகாது. புருஷனைக் கொன்றது அங்கேதான். கடைசியில் மிஸஸ் ஜாரட்டின் முறை. அவளுக்குப் பயமில்லை, கடுங்கோபம். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். எதன்மேல் என்று சொல்வதில்லை. இப்போது சிரிக்க வரவில்லை.

பிறகு தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். நாமும்தான்.