ஜெண்டயா: பேசாதபோது

ஜெண்டயாவின் நடிப்பைப் பற்றித் தொடங்கும் பேச்சு பெரும்பாலும் அவருடைய உடையில் போய் நிற்கிறது. 2024 பிப்ரவரியில் 'டூன்: பாகம் இரண்டு' படத்தின் லண்டன் திரையிடலுக்கு, தியரி முக்லரின் 1995-ஆம் ஆண்டு ரோபோ உடையில் வந்தார். படம் பார்க்காதவர்களும் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தார்கள். அடுத்து டென்னிஸ் படமான 'சேலஞ்சர்ஸ்' விளம்பரத்துக்கு, குதிகாலில் டென்னிஸ் பந்து செருகிய செருப்பு. உடை ஆலோசகர் லா ரோச்சுடன் சேர்ந்து அவர் செய்யும் இந்த வித்தை ரசிக்கத் தக்கதுதான். ஆனால் அந்த வெளிச்சத்தில், அவர் நடித்ததில் தேறுவது எவ்வளவு என்று யாரும் நிதானமாகக் கணக்குப் போடுவதில்லை. என் கணக்கில் தேறுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை அவர் தலைமுறையில் வேறு யாரும் செய்திருப்பார்களா என்பது சந்தேகம்.

1996-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். 2010-இல் டிஸ்னி சேனலின் 'ஷேக் இட் அப்' தொடரில் அறிமுகம். டிஸ்னியின் வார்ப்பு எல்லோருக்கும் தெரிந்தது: சிறுமி நடிப்பாள், பாடுவாள், ஆல்பம் போடுவாள், வளர்ந்ததும் தான் குழந்தையில்லை என்று காட்ட ஊரைக் கூட்டுவாள். மைலி சைரஸ் அப்படித்தான் வெளியே வந்தார். ஜெண்டயா பதினாறு வயதிலேயே பேரம் பேசினார். அடுத்த தொடரான 'கே.சி. அண்டர்கவர்' செய்ய அவர் வைத்த நிபந்தனைகள்: தானும் ஒரு தயாரிப்பாளராக இருக்க வேண்டும், கதாநாயகியின் பெயரை மாற்ற வேண்டும், அவள் பாடவோ ஆடவோ கூடாது, குடும்பம் கறுப்பினக் குடும்பமாக இருக்க வேண்டும். எல்லாம் நடந்தது. அந்த வயதில் இப்படிக் கேட்கத் துணிந்ததுதான் அவருடைய தொழில் வாழ்க்கையின் முதல் பெரிய சாதனை என்பேன்.

நடிப்பில் சாதனை 2019-இல் ஹெச்பிஓவின் 'யூஃபோரியா'வில் வந்தது. மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பியும் போதையை விடாத ரூ என்ற பதினேழு வயதுப் பெண். 2020-இல் 24 வயதில் எம்மி. நாடகத் தொடரின் முதன்மை நடிகைக்கான விருதை அவ்வளவு இளம் வயதில் அதுவரை யாரும் வாங்கியதில்லை. 2022-இல் மறுபடியும் வாங்கினார்.

இரண்டாவது பருவத்தின் ஐந்தாம் பகுதியைப் பாருங்கள். ஒளித்துவைத்த போதைப் பெட்டியைக் காணோம் என்று தெரிந்ததும் ரூ அம்மாவிடம் கத்துகிறாள், கதவை உதைக்கிறாள், தங்கை நடுங்குவதைப் பார்த்து ஒரு நொடி உடைந்து மன்னிப்புக் கேட்கிறாள், மறுநொடியே அந்த மன்னிப்பையும் ஆயுதமாக்குகிறாள். தோழி ஜூல்ஸ் அத்தனையையும் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியும்போது முகத்தில் முதலில் வருவது கோபம் அல்ல, கூச்சம். அவமானப்பட்டவள் அடுத்து எவ்வளவு கொடூரமாகப் பேசுவாள் என்பது அந்தக் கூச்சத்திலேயே தெரிந்துவிடுகிறது. விருது தேடும் நடிகர்கள் இந்தக் காட்சியில் சத்தத்தைத்தான் நம்புவார்கள். இவர் சத்தத்துக்கு நடுவே வரும் இடைவெளிகளை நம்பியிருக்கிறார்.

2020 டிசம்பரில் வந்த சிறப்புப் பகுதி இன்னும் நல்ல சாட்சி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஓர் உணவகம், மேசையில் பேன்கேக், எதிரே நடிகர் கோல்மன் டொமிங்கோ. ஏறக்குறைய முழுப் பகுதியும் பேச்சுதான். நல்ல வசனம் பெரும்பாலும் டொமிங்கோவுக்கு. ஜெண்டயா கேட்கிறார். நம்ப ஆசைப்பட்டு நம்ப முடியாமல் போகும் ஒருத்தி எப்படிக் கேட்பாளோ அப்படி. பேசாமல் கேட்கும்போதுதான் அவர் திறமை முழுதாகத் தெரிகிறது.

இதே பலத்தைப் புரிந்துகொள்ளாத படம் 'மால்கம் அண்ட் மேரி' (2021). எழுதி இயக்கியவர் 'யூஃபோரியா'வின் அதே சாம் லெவின்சன். கறுப்பு வெள்ளையில் ஒரு வீடு, ஓர் இரவு, ஓயாத சண்டை. இருவருக்கும் வசனம் நீளநீளமாக வருகிறது. பேசுவது பாத்திரங்களா, விமர்சகர்கள் மேல் இயக்குநருக்கு இருக்கும் கோபமா என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. உடன் நடித்த ஜான் டேவிட் வாஷிங்டனைவிட ஜெண்டயா பன்னிரண்டு வயது இளையவர். அந்த உறவு சுமக்க வேண்டிய பழைய களைப்பு அவர் உடலில் இல்லை. குரலில் மட்டும் இருக்கிறது.

'டூன்' முதல் பாகத்தில் இன்னொரு விதமான சிக்கல். விளம்பரமெங்கும் அவர் முகம். இரண்டரை மணி நேரப் படத்தில் அவர் வருவதோ ஏழு நிமிடம் போல. இரண்டாம் பாகத்தில் இயக்குநர் டெனி வில்னவ் அதை ஈடுகட்டினார். மூல நாவலில் நாயகன் பாலின் முடிவை ஏற்றுக்கொள்ளும், ஜெண்டயாவின் பாத்திரமான சானி, படத்தில் ஏற்க மறுத்து வெளியேறுகிறாள். தீர்க்கதரிசி பிறந்துவிட்டான் என்று கூட்டம் மண்டியிடும்போது, ஏமாற்றப்பட்டது தானும் தன் மக்களும்தான் என்ற உண்மையை வசனமில்லாமல் சொல்லும் வேலை அந்த ஒரு முகத்துக்கு வந்தது. அதை அவர் தனியாகவே தாங்குகிறார்.

'சேலஞ்சர்ஸ்' பலம், பலவீனம் இரண்டும் கலந்தது. விடுதி அறையில் இரண்டு பையன்களை முத்தமிட வைத்துவிட்டு, பின்னால் சாய்ந்து தன் கைவேலையைப் பார்ப்பதுபோலப் புன்னகைக்கும் அவருடைய டாஷியை மறப்பது கஷ்டம். ஆனால் கதை பதின்மூன்று ஆண்டுகளில் முன்னும் பின்னும் தாவுகிறது. முப்பதைத் தாண்டிய, ஒரு குழந்தைக்குத் தாயான டாஷியிடம் தலைமுடி மாறியிருக்கிறது, உடை மாறியிருக்கிறது, நடை மாறவில்லை. உடன் நடித்த மைக் ஃபைஸ்ட்டின் தோள்கள் தளர்ந்திருப்பதைக் கவனித்தால் வித்தியாசம் புரியும்.

நடிப்பைத் தாண்டி, தன் நிறத்தைப் பற்றியும் ஜெண்டயாவே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கறுப்பினப் பெண்களில் ஹாலிவுட் ஏற்றுக்கொள்ளும் வெளிர்நிற வகை தான் என்று 2018-இல் ஒரு மேடையில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கலாம். ஒப்புக்கொண்டதால் மட்டும் கதவு அடுத்தவருக்குத் திறந்துவிடாது.

எனக்கு உண்மையான மனக்குறை வேறு. டிஸ்னியில் அத்தனை ஆண்டுகள் அவர் செய்தது நகைச்சுவை. 'ஸ்பைடர்மேன்' படங்களில் எம்.ஜே.வாக வந்து, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் ஒரு வரியை வீசி அரங்கைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். அந்தத் திறமையை முழுநீளப் படம் எதிலும் யாரும் மையத்தில் வைக்கவில்லை; பதினாறு வயதில் பெயர்வரை மாற்றச் சொல்லி வாங்கியவர், இதை மட்டும் இன்னும் கேட்டு வாங்கவில்லை.