ஜன்னல் சீட்டும் அதற்கு முந்தைய அரை மணி நேரமும்

விமானத்தில் போய்வந்தவரிடம் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டால், டிக்கெட் விலை, கால் நீட்ட இடம், சாப்பாடு என்ற மூன்றுக்குள் பதில் முடிந்துவிடும். காசு கொடுத்தவர் இவற்றைக் கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரு விமான நிறுவனத்தை ரசிக்க இவை போதாது. உள்நாட்டுத் தடங்களில் இண்டிகோவில் ஏறினாலும் ஏர் இந்தியாவில் ஏறினாலும் நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320 குடும்பத்து விமானம்தான். ஒரே ராகத்தை இரண்டு வித்வான்கள் பாடும்போது எதைக் காது கொடுத்துக் கேட்கிறோமோ, அதையே இங்கும் தேட வேண்டும். இயந்திரம் பொது. அதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதில்தான் நிறுவனம் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் இடம் போர்டிங் கேட் பக்கத்துக் கண்ணாடி.

எனவே கேட்டுக்குச் சீக்கிரம் போய்விடுங்கள். உங்கள் விமானம் இன்னொரு ஊரிலிருந்து வந்து நிற்பதில் தொடங்கி, மறுபடி பின்னோக்கி நகர்வது வரையிலான இடைவேளைக்கு டர்ன்அரவுண்ட் என்று பெயர். சிக்கன விமானங்களுக்கு அது ஏறத்தாழ அரை மணி நேரம். அதற்குள் சுமார் 180 பேர் இறங்க வேண்டும், அவர்களுடைய பெட்டிகள் இறங்க வேண்டும், உள்ளே சுத்தமாக வேண்டும், எரிபொருள் நிரம்ப வேண்டும், புதிதாக 180 பேரும் அவர்கள் பெட்டிகளும் ஏற வேண்டும்.

முதலில் விமானத்தின் வயிற்றில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது மினுக்கிக்கொண்டிருக்கும் வரை ஒருவரும் கிட்டே போக மாட்டார்கள். இன்ஜின் நடுவில் வெள்ளையாக ஒரு சுருள்கோடு தெரியும். இன்ஜின் சுழல்கிறதா, நின்றுவிட்டதா என்று தரையில் இருப்பவர் ஒரு பார்வையில் தெரிந்துகொள்ள உதவுவது அது. விளக்கு அணைந்ததும் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கிறார்கள், ஆரஞ்சு நிறக் கூம்புகளை அடுக்குகிறார்கள், பிறகு வேலை இரண்டாகப் பிரிகிறது. இடப் பக்கம் மனிதர்களுக்கு, வலப் பக்கம் பொருட்களுக்கு. பயணிகள் ஏறி இறங்குவது இடப் பக்கக் கதவுகளில். பெட்டிகள், சாப்பாட்டு வண்டி, ஏ320 என்றால் எரிபொருள் குழாய் எல்லாம் வலப் பக்கம். கரையோரம் இடப் பக்கமாக ஒதுங்கிய கப்பல்களின் வழக்கம் இது என்பார்கள். வழக்கம் எங்கிருந்து வந்திருந்தாலும் பலன் கண் முன்னே தெரிகிறது: ஆளும் வண்டியும் குறுக்கே மோதிக்கொள்வதில்லை.

இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒளிரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஒருவர் மட்டும் நிதானமாக விமானத்தைச் சுற்றி வருவார். டயரைப் பார்ப்பார், குனிந்து இன்ஜின் பிளேடுகளைப் பார்ப்பார், மூக்கருகே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய்களை நிமிர்ந்து பார்ப்பார். உங்களை ஓட்டிச் செல்லப் போகிற விமானிகளில் ஒருவர் அவர். சுற்றிலும் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்க, அந்த ஒருவர் அவசரப்படாமல் நடப்பதை நான் ஒவ்வொரு முறையும் விரும்பிப் பார்க்கிறேன். நிறுவனத்தின் மீது நம்பிக்கை எனக்கு வருவது அங்கேதான்.

நேரத்தை இப்படிப் பிழிவதற்கு ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழு முறை பறக்கும் விமானம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிடம் மிச்சப்படுத்தினால் ஒரு மணி நேரம் கையில் வருகிறது. சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்க அது போதும். இந்தக் கணக்கை உலகுக்குக் காட்டியது அமெரிக்காவின் சவுத்வெஸ்ட். 1972இல் கையில் இருந்த நான்கு போயிங் 737களில் ஒன்றை அது விற்க நேர்ந்தது. அட்டவணையைக் குறைக்க மனமில்லை. நான்கு விமானங்களின் வேலையை மூன்றைக்கொண்டு செய்ய, பத்தே நிமிடத்தில் விமானத்தைத் திருப்பி அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். நெருக்கடியில் பிறந்த அந்தப் பத்து நிமிடம் பிறகு அவர்களுடைய அடையாளமே ஆயிற்று. இந்தியாவில் 2003இல் ஏர் டெக்கானைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையை ஒட்டி எடுக்கப்பட்ட ‘சூரரைப் போற்று’ பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கன விமான உலகம் புதிதல்ல.

இண்டிகோவில் படிக்கட்டுக்குப் பதிலாகச் சாய்தளம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர், மூட்டு வலியுள்ள பாட்டி, உருட்டுப் பெட்டிக்காரர், கைக்குழந்தையோடு இருப்பவர் எல்லோரும் ஒரே பாதையில் நிற்காமல் ஏறுகிறார்கள். 2022இல் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று என மூன்று வழிகளில் பயணிகளை இறக்கத் தொடங்கினார்கள். பயணிக்கு அது வசதி, நிறுவனத்துக்கு மிச்சமாகும் நிமிடங்கள். சிக்கன நிறுவனங்களில் தரையிறங்கும் முன்பே பணிப்பெண்கள் குப்பைப் பையோடு வரிசை வரிசையாக வருவதும் டர்ன்அரவுண்டின் ஒரு பகுதிதான். அடுத்த ஊரின் அரை மணி நேரம் வானத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது.

பிராண்ட் என்றால் நமக்கு லோகோவும் வால் நிறமும் விளம்பரமும்தான் நினைவுக்கு வருகின்றன. என் கருத்தில், வேலையிலிருந்து முளைத்த பிராண்ட்தான் நெடுநாள் ரசிக்கத் தக்கது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கெபாயா உடையை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியர் பால்மேன் அமைத்தது அது. அதன் அழகைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அதன் நிறங்கள் பதவியைச் சொல்கின்றன என்பதைக் கவனிப்பவர் குறைவு. நீலம் அணிந்தவர் பணிப்பெண், பச்சை அவருக்கு மேல், சிவப்பு தலைமைப் பணிப்பெண், கருஞ்சிவப்பு அந்த விமானத்தின் பணிக்குழு முழுவதற்கும் பொறுப்பானவர். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும்போது ஒரு வேளை உணவு பரிமாறப்படுவதை இந்த நிறங்களைத் தெரிந்துகொண்டு பாருங்கள். யார் யாரிடம் எதைச் சொல்கிறார், எந்த நிறம் எப்போது எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு முழு ஒழுங்கு தெரியவரும்.

ஏர் இந்தியாவின் கதை வேறு வகை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் வரை தபால் மூட்டைகளோடு விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். அந்தத் தபால் சேவையிலிருந்துதான் ஏர் இந்தியா வளர்ந்தது, அதனால் அதன் வேரில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. நிறுவனத்தின் பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் 1946இல் அதன் சின்னமான மகாராஜாவை உருவாக்கினார்கள். 1971இல் முதல் ஜம்போ ஜெட் ‘எம்பரர் அசோகா’ வந்தபோது, ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தான் அரண்மனைப் பலகணிகளின் வளைவுகளைச் சிவப்பில் தீட்டினார்கள். அதற்கு முன்பே, 1967இல், பயணிகளுக்குப் பரிசாகத் தர ஓவியர் சால்வதோர் தாலியிடம் ஒரு சாம்பல் கிண்ணம் வடிவமைத்து வாங்கினார்கள். அவர் கூலியாகக் கேட்டது ஒரு யானைக் குட்டி. அனுப்பியும் வைத்தார்கள்! விமானத்தில் ஏறுகிறவன் விருந்தாளி என்ற எண்ணத்தை இத்தனை துணிவோடு சொன்ன நிறுவனங்கள் உலகில் குறைவு. 2022இல் அரசிடமிருந்து டாட்டாவிடம் திரும்பிய பிறகு, 2023இல் வந்த புதிய தோற்றத்தில் அந்தப் பலகணி வளைவின் உச்சி மட்டும் தங்கச் சட்டமாக எஞ்சியிருக்கிறது. எனக்குப் பழைய முழு வளைவுகள்தான் பிடிக்கும். வாசலில் கோலம் போட்ட வீடுகூட யாரோ வருவார்கள் என்று காத்திருக்கிறது அல்லவா, அந்த வளைவுகளில் அந்த வரவேற்பு இருந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் புது விமானங்கள் நிற்கும் இடத்தில் வால்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனாலும் பொழுது போகும். பாந்தனி, அஜ்ரக் என்று ஒவ்வொரு வாலிலும் ஒரு துணி வடிவம். கொழும்பு போகிறவர்கள் ஸ்ரீலங்கன் வாலில் உள்ள மயிலைப் பாருங்கள். ராவணனின் பறக்கும் மயில் வாகனம் அது. உள்ளே அறிவிப்பில் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழும் ஒலிக்கும்.

இனி ஏறிவிடலாம். இறக்கையும் அதற்குப் பின்னால் உள்ள நிலமும் சேர்ந்து தெரிய, இறக்கைக்கு ஐந்தாறு வரிசை பின்னால் ஜன்னல் சீட் எடுங்கள். கதவு மூடியதும் பணிப்பெண்களுக்கு ‘ஆர்ம் டோர்ஸ்’ என்று அறிவிப்பு வரும். அவசரத்தில் கதவைத் திறந்தால் சறுக்குத்தளம் தானாக விரியும்படி பூட்டுகிறார்கள். ‘க்ராஸ் செக்’ என்றால் எதிர்க் கதவில் இருப்பவர் அதைச் சரிபார்க்கிறார் என்று பொருள். நாள்தோறும் ஒலிக்கும் இந்த இரண்டு சொல்லில் இந்தத் தொழிலின் மனநிலை முழுதும் இருக்கிறது.

விமானத்தை வண்டி பின்னோக்கித் தள்ளும் புஷ்பேக் முடியும்போது கைபேசியைக் கீழே வையுங்கள். இழுவை வண்டி விலகியதும் ஒருவர் சற்றுத் தள்ளி நின்று, சிவப்பு நாடா தொங்கும் ஒரு சிறு பின்னை உயர்த்திக் காட்டுவார். வண்டி தள்ளும்போது முன்சக்கரத்தை விமானிகள் திருப்பிவிடாமல் தடுக்கச் செருகியிருந்த பின் அது. எடுத்துவிட்டேன், இனி விமானம் உங்கள் கையில் என்பது அதன் பொருள். விமானி பதிலுக்குக் கையசைப்பார். ஏ320இல் இந்தச் சமயத்தில் காலடியில் நாய் குரைப்பது போல ‘வர்ர், வர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டால் பதற வேண்டாம். ஒரு ஹைட்ராலிக் அமைப்பில் அழுத்தம் குறைந்தால் இன்னொன்றிலிருந்து அதை ஈடுகட்டும் கருவி வேலை செய்கிறது. ஏ320 ரசிகர்கள் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருப்பார்கள்.

சென்னையின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும். திசைமானியில் 70 பாகை, 250 பாகை. கடைசிச் சுழியை விட்டுவிட்டார்கள். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே எழும்பவும் இறங்கவும் விரும்பும். அதனால் கடற்காற்று வீசும் பிற்பகலில் கிழக்கு நோக்கி ஓடி, கிண்டி, மயிலாப்பூர் பக்கமாகக் கடலுக்கு மேல் ஏறுவீர்கள். மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடிக் காலைகளில் கடல் பக்கமிருந்து வந்து இறங்குவார்கள். அப்போது வலப் பக்க ஜன்னலில் இருந்தால், சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் பரங்கிமலை பக்கவாட்டில் எழுந்து நிற்கும். கடற்காற்று எப்போது திரும்பும் என்று சென்னைவாசிக்குத் தோலே சொல்லிவிடும். அந்த அறிவை வைத்து எந்தப் பக்க சீட் என்று முடிவு செய்வது இந்த ரசனையின் உயர்ந்த படி.

தரையைத் தொட்டவுடன் இறக்கையின் மேல்பக்கத்தில் பலகைகள் சட்டென்று எழுந்து நிற்பதைப் பாருங்கள். அவை இறக்கையின் தூக்கும் சக்தியைக் கெடுத்து, முழு எடையையும் சக்கரங்களின் மேல் இறக்குகின்றன. அப்போதுதான் பிரேக் நன்றாகப் பிடிக்கும். இவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டு வந்த இறக்கை, வேலை முடிந்த நொடியில் தன்னைத் தானே செயலிழக்கச் செய்கிறது.

தாமதத்தைப் பற்றி ஒன்று. விமானத்தின் வால் பக்கத்தில் ‘விடி’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதை ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் தேடினால், அன்று காலையிலிருந்து அந்த விமானம் எங்கெல்லாம் போய்வந்தது என்று தெரியும். டெல்லியில் விடியற்காலைப் பனி, அதனால் முதல் பயணம் தாமதம், அது ஊர் ஊராக வளர்ந்து மாலையில் கோயம்புத்தூரில் உங்கள் மடியில் வந்து விழுகிறது. எந்த நிறுத்தத்தில் சில நிமிடங்களை மீட்டார்கள், எங்கே இழந்தார்கள் என்பதையும் பார்க்கலாம். தாமதத்தை மெல்ல மெல்லக் கரைத்து, கடைசிப் பயணத்தை நேரத்துக்கு அனுப்பும் நிறுவனத்தை நான் மனதாரப் பாராட்டுவேன். அதில் எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது, ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

இதையெல்லாம் பழக ஒரே ஒரு பயணம் சொல்லச் சொன்னால், சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் சிறிய ஏடிஆர் 72ஐச் சொல்வேன். 2019இல் அங்குள்ள பலாலி சர்வதேச விமான நிலையமானபோது அலையன்ஸ் ஏர் தொடங்கிய தடம். 2024இல் இண்டிகோவும் சேர்ந்தது. பின்கதவு வழியாக ஏற வேண்டும், சரக்கு அறை முன்னால் இருக்கிறது. பெரிய விமானங்களில் தரையில் மின்சாரம் தர வாலில் தனிச் சிறு இன்ஜின் உண்டு. ஏடிஆரில் அது கிடையாது. வலப் பக்க இன்ஜினை ஓடவிட்டு, அதன் விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைத்தே சமாளிக்கிறார்கள். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த வரிசையிலும் நிலம் மறைவதில்லை. இருபுறமும் இரண்டிரண்டு சீட்தான், நடு சீட் என்பதே இல்லை. சக்கரம் விமானத்தின் இடுப்பிலிருந்து இறங்குவதால், இறக்கையை ஒட்டிய வரிசையில் இருந்தால் அது பலாலி ஓடுபாதையைத் தொட்டுப் புகை கிளப்புவதைக்கூடப் பார்க்கலாம். பாக் நீரிணையைக் கடந்து, பனங்காடும் செம்மண்ணும் தெரியத் தொடங்கும்போது பணிப்பெண் குப்பைப் பையோடு வருவார். டம்ளரைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். ஜன்னல் சீட்டுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள்.