இரண்டு சுருள்களும் ஒரு சண்டையும்: கட்டடக்கலையில் 1959

ஒரு கட்டடம் சிறந்தது என்று எதை வைத்துச் சொல்வது? நவீனக் கட்டடக்கலையின் முன்னோடிகளிடம் இதற்கு உறுதியான விடை இருந்தது: பயன் முதலில், அலங்காரம் கூடாது, உலகெங்கும் ஒரே நெறி. 1959இல் அந்த உறுதி எல்லோர் கண்முன்னும் குலைந்தது.

அக்டோபர் 21 அன்று நியூயார்க்கில் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1943இல் அதன் வடிவமைப்புப் பணியை ஏற்ற ஃபிராங்க் லாயிட் ரைட் திறப்பு விழாவைப் பார்க்கவில்லை, ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார். லிஃப்டில் மேலே போய், சுழன்று இறங்கும் சாய்தளத்தில் நடந்தபடியே ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். தரையும் சாய்வு, சுவரும் சாய்வு. படத்தை எப்படி மாட்டுவது? 1956இலேயே 21 ஓவியர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதிவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நடுக்கூடத்தில் நின்று கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்ப்பவருக்கு ஓவியங்கள் நினைவில் இருப்பதே சந்தேகம்!

அதே ஆண்டு ஜூனில் தோக்கியோவில் இன்னொரு சுருள் திறக்கப்பட்டது. லெ கொர்புசியே வடிவமைத்த மேலைக்கலை அருங்காட்சியகம் அது. இங்கே சுருள் சதுரமானது. நடுக்கூடத்திலிருந்து சாய்தளம் ஏறினால் காட்சிக்கூடங்கள் அதைச் சுற்றி வரும். கலைப்பொருள்கள் சேரச் சேரக் கட்டடமும் வெளிப்புறமாகச் சுற்றி வளரலாம் என்பது அவர் கணக்கு. அப்படிச் சுருளாக வளரத்தான் இல்லை, 1979இல் அவருடைய சீடர் மாயெகாவா புதிய பகுதியைச் சேர்த்தார். படம் பார்க்கப் போகிறவருக்குத் தோக்கியோ, நடக்கப் போகிறவருக்கு நியூயார்க் என்பது என் தீர்ப்பு.

நவீனக் கட்டடக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான மீஸ் வான் டெர் ரோவுக்கு அந்த ஆண்டு பிரிட்டனின் அரச தங்கப் பதக்கம் கிடைத்தது. நியூயார்க்கில் அவர் வடிவமைத்த சீகிராம் மாளிகையின் வெளிமுகத்தில் ஓடும் வெண்கலச் சட்டங்கள் பாரம் தாங்குவதில்லை. அலங்காரம் வேண்டாம் என்றவர்களின் வீட்டிலேயே அலங்காரம்!

உண்மையான சண்டை செப்டம்பரில், நெதர்லாந்தின் ஓட்டர்லோவில் நடந்தது. 1928இல் தொடங்கிய நவீனக் கட்டடக்கலைப் பேரவையின் கடைசிக் கூட்டம் அது. மிலானில் தாம் எழுப்பிய வெலாஸ்கா கோபுரத்தை எர்னஸ்டோ ரோஜர்ஸ் அங்கே முன்வைத்தார். இடைக்காலக் கோட்டைபோல் மேல்பகுதி புடைத்து நிற்கும் கட்டடம். ஊரின் பழமையோடு அது பேசுகிறது என்றார் அவர். பழமைக்குத் திரும்பும் பாதை இது என்று இளைய தலைமுறைக் கட்டடக்கலைஞர் பீட்டர் ஸ்மித்சன் சாடினார். இளையவர்கள் முன்னின்று பேரவையையே முடித்துவைத்தார்கள். ரோஜர்ஸ் பக்கம்தான் நான். மிலானுக்கும் மெல்போர்னுக்கும் ஒரே கோபுரம் எதற்கு?

இந்தச் சண்டைக்குச் சற்று முன், சென்னையில் ஆகஸ்ட் 23 அன்று எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டது. லண்டன் கட்டடக்கலைஞர்கள் தொடங்கி எல்.எம். சித்தலே முடித்த வேலை. செங்கல் சுவர் பாரம் தாங்கிய ஊரில் கான்கிரீட் தூண்கள் அந்தப் பொறுப்பை ஏற்றன. அது எந்தப் பாணியைச் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. பதினான்கு மாடி என்பதே பேச்சாக இருந்தது. கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட, தமிழ்ப் படங்களுக்கு சென்ட்ரல் நிலையத்தோடு அதுவும் கிடைத்தது.