கூற்று இழந்த செவிலி: இந்தியத் திரைப்புனைவுகளில் செவிலியர் உளநிலை

மருத்துவமனையில் நோயாளரைப் பேணுவோரைக் குறிக்க இக்காலத் தமிழ் தேர்ந்துகொண்ட சொல் 'செவிலியர்' என்பதாகும். 'நர்ஸ்' என்னும் சொல்லும் பாலூட்டி வளர்ப்பவள் என்ற பொருளடியாகப் பிறந்ததாதலின் இத்தேர்வு பொருத்தமானதே. எனினும் ஒரு சொல் பழைய நிலத்திலிருந்து புதிய நிலத்திற்குப் பெயரும்போது, அதற்கிருந்த உரிமைகள் அனைத்தும் உடன்வருவதில்லை. அகப்பொருள் மரபில் செவிலிக்குப் பணியோடு கூற்றும் உண்டு. இக்காலச் செவிலியர்க்குப் பணி வந்து சேர்ந்தது. கூற்று வந்ததா என்பது வினாவிற்குரியது. இவ்வினாவை முன்வைத்து, செவிலியரை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட இந்தியத் திரைப்புனைவுகள் சிலவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

செவிலி கூற்றும் அதன் எல்லையும்

தொல்காப்பியம் களவியலிலும் கற்பியலிலும் செவிலி பேசுதற்குரிய இடங்களை வகுத்துள்ளது. தோழியைச் செவிலியின் மகளாகவும் அது காட்டுகிறது. உடன்போக்கில் தலைவி சென்றபின் சுரத்திடைத் தேடிச் செல்லும் செவிலியின் கூற்றாக வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகைப் பாடல் (44) இங்கு நோக்கத்தக்கது. தன் கால்கள் நடை தளர்ந்ததையும், பார்த்துப் பார்த்துக் கண்கள் ஒளி இழந்ததையும் அச்செவிலி வெளிப்படச் சொல்கிறாள். பேணப்படுபவளைப் பற்றியே பேசவேண்டிய ஒருத்தி, பேணும் தன் உடலின் தளர்ச்சியையும் பேச மரபு இடந்தருகிறது. மணமனைக்குச் சென்று மீண்டு, தலைவியின் இல்லறச் சிறப்பை நற்றாய்க்கு உரைக்கும் செவிலியின் மகிழ்ச்சியும் (குறுந். 167) இவ்வாறே கூற்றாக அமைகின்றது.

ஆனால் இம்மரபை முற்றிலும் நிறைவுடையதாகக் கருதுவதற்கில்லை. செவிலியின் கணவன் யார், அவள் விருப்பம் யாது, தன் மகளாகிய தோழியின் வாழ்வைப் பற்றி அவள் எண்ணுவது என்ன என்பனவற்றிற்கு அக இலக்கணத்தில் இடமில்லை. அவளது துயர் பேசப்படலாம். ஆயின் அது தலைவியின் பொருட்டு எழுந்த துயராக இருத்தல் வேண்டும். செவிலி கூற்றின் உரிமையும் எல்லையும் இவ்விடத்தே உள்ளன. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள் (950), மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு பணிபுரிவாரையும் சேர்க்கின்றது. குறள் அவருக்கு முறைமையுள் ஓர் இடத்தைத் தந்தது. அகப்பாடல் பேச ஒரு குரலைத் தந்தது. இவ்விரண்டும் ஒருங்கே கிடைத்த நிலை அரிது.

நடிப்பும் பரிவும்

வங்க எழுத்தாளர் ஆசுதோஷ் முகோபாத்யாயின் 'நர்ஸ் மித்ரா' என்னும் சிறுகதை, அசித் சென் இயக்கத்தில் 'தீப் ஜ்வேலே ஜாய்' (1959) என்னும் வங்கப் படமாயிற்று. தெலுங்கில் சாவித்திரி நடிக்கச் 'சிவரகு மிகிலேதி' (1960) என வெளிவந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் அசித் சென்னே அதனை இந்தியில் வகீதா ரஹ்மான் நடிப்பில் 'காமோஷி' எனப் படைத்தார். 'காமோஷி' என்பதற்கு மௌனம் என்பது பொருள். ஒரே கதை மூன்று மொழிகளில் வரவேற்புப் பெற்றமை, அது ஒரு வட்டாரத்தின் கற்பனை மட்டுமன்று என்பதைக் காட்டுகிறது.

காதல் முறிவால் மனம் சிதைந்த ஆடவர்க்கு அன்பு காட்டுவதையே சிகிச்சையாகச் செய்யுமாறு மனநோய்ப் பிரிவின் மருத்துவர், செவிலியான ராதாவைப் பணிக்கிறார். ஒருவன் குணமாகிச் செல்கிறான். அவன்பால் அவள் கொண்ட அன்பு அவளிடமே எஞ்சுகிறது. இரண்டாமவனுக்கும் அப்பணியைச் செய்யுமாறு வேண்டும்போது அவள் மறுத்து, பின்னர் இசைகிறாள். அவனும் குணமடைகிறான். அதே பிரிவில் இறுதியில் நோயாளியாகச் சேர்க்கப்படுபவள் ராதா. தான் நடிக்கவில்லை, தன்னால் நடிக்க இயலாது என்னும் பொருள்படப் பேசுவதே அவள் தன்னைப் பற்றிச் சொல்லும் தெளிவான கூற்று.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு 1983இல் வெளியிட்ட நூலில், ஊதியத்திற்காக உணர்வை வருவித்தும் அடக்கியும் காட்டவேண்டிய உழைப்பிற்கு ஒரு பெயர் தந்தார். அதனை 'உணர்வுழைப்பு' எனலாம். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து அவர் கண்ட உண்மையை வங்கக் கதை அதற்கு முன்பே புனைவாகக் கண்டுகொண்டது எனலாம். காட்டப்படும் பரிவுக்கும் உண்மைப் பரிவுக்கும் இடையே கோடு கிழிக்க மேலாளரால் இயலும்; பணிசெய்பவரால் எப்போதும் இயலுவதில்லை. மருத்துவர்க்குச் சோதனை வெற்றி, நோயாளிக்கு நலம், ராதாவிற்கோ இழப்பு என்ற கணக்கைப் படம் ஒளிக்காமல் காட்டுகிறது.

எனினும் இப்படத்தின் குறை ஒன்றுண்டு. செவிலியின் உணர்வு உலகம் முழுவதையும் அது காதலாகச் சுருக்கிவிடுகிறது. இரவுப்பணியின் அயர்ச்சி, இறந்தவரின் படுக்கையை அடுத்த நோயாளிக்கு ஒழுங்கு செய்யும் கை, உறவினரின் சினத்தை வாங்கிக்கொள்ளும் பொறுமை ஆகியன இக்கதையின் மையத்திற்கு வருவதில்லை. மேலும், அவளுக்குக் கூற்று கிடைப்பது அவள் அறிவு பிறழ்ந்தவளாகக் கருதப்பட்ட பின்னரே. பணியில் இருக்கும்வரை மௌனமும் நோயாளியான பின் பேச்சும் என்பது, குறுந்தொகைச் செவிலி பெற்றிருந்த உரிமையினும் குறைந்ததாகும்.

கடனும் கடமையும்

2014இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கிடையே சிக்கிய 46 இந்தியச் செவிலியர் அவ்வாண்டு சூலை 5ஆம் நாள் கொச்சிக்குத் திரும்பினர். இந்நிகழ்வைத் தழுவி மகேஷ் நாராயணன் இயக்கிய மலையாளப் படம் 'டேக் ஆஃப்' (2017). இதன் நாயகி சமீரா அன்பின் உருவாக மட்டும் படைக்கப்படவில்லை. அவளுக்குக் குடும்பக் கடன் உண்டு. அவள் வேலைக்குச் செல்வதை ஏற்காத முதல் மணம் முறிந்துள்ளது. இரண்டாம் மணத்தையும் கருவுற்றிருப்பதையும் தன் மகனிடம் சொல்லத் தயங்கும் தாயாகவும் அவள் இருக்கிறாள். அவளை மணப்பவனும் ஆண் செவிலியனாக இருப்பது, இப்பணியைப் பெண்ணியல்பாகக் காணும் பார்வையைச் சற்றே அசைக்கிறது.

கேரளத்தில் செவிலியரை 'மாலாக', அதாவது தேவதை, எனப் போற்றும் வழக்கு உண்டு. தமிழிலும் இவ்வுவமை புதிதன்று. 'சிஸ்டர்' என்னும் விளியோ அவரை உறவாக்கிவிடுகிறது. தேவதைக்குக் கூலி வேண்டுவதில்லை. உடன்பிறந்தாள் கணக்குக் கேட்பதில்லை. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேரளத் தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஊதியம் கேட்டுப் போராடியபோது இவ்விரு பெயர்களின் உட்பொருளும் வெளிப்பட்டது. 'டேக் ஆஃப்' படத்தின் முற்பகுதி இப்புகழுரையைக் கடனும் சம்பளமும் கொண்டு எதிர்கொள்கிறது. ஆயின் பிற்பகுதியில் கதை மீட்புச் செயலுக்குத் திரும்புகையில், செவிலியர் மீட்கப்படுவோராகவும் அதிகாரிகள் செயல்படுவோராகவும் மாறிவிடுகின்றனர். கூற்று மீண்டும் பிறர் கைக்குச் செல்கிறது.

பணி முடிந்தபின்

பாயல் கபாடியா இயக்கி 2024இல் கான் திரைவிழாவில் 'கிராண்ட் பிரீ' பரிசு பெற்ற 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' மும்பையில் பணிபுரியும் மலையாளச் செவிலியர் இருவரின் கதை. 'பிரபயாய் நினச்சதெல்லாம்' என்னும் அதன் மலையாளத் தலைப்பில் நாயகி பிரபாவின் பெயரும் பொதிந்துள்ளது. மணமான சிறிது காலத்திலேயே ஜெர்மனிக்குச் சென்ற கணவனிடமிருந்து நெடுநாளாக அழைப்பில்லை. ஒருநாள் அந்நாட்டில் செய்யப்பட்ட சோறு வடிக்கும் மின்கலம் ஒன்று கடிதமின்றி வந்து சேர்கிறது. இரவில் பிரபா அதனைத் தழுவி அமர்ந்திருக்கும் காட்சி, பகலெல்லாம் பிறர் உடலைத் தொட்டுப் பேணுபவளைத் தொட ஒருவருமில்லை என்பதைச் சொல்லின்றி உணர்த்துகிறது.

உடன் தங்கும் இளைய செவிலி அனுவின் காதலைப் பிரபா முதலில் கடிந்துகொள்கிறாள். பேணுதல் கண்காணித்தலாக மாறும் இவ்விடத்தில் அவள் பழைய அகமரபுச் செவிலியையே நினைவூட்டுகிறாள். களவு வெளிப்படுமோ என ஆராய்வது அச்செவிலியின் தொழிலன்றோ! மருத்துவமனைச் சமையற்பணியாளர் பார்வதியின் கடற்கரை ஊரில், நீரில் மூழ்கிய ஒருவனைப் பிரபா உயிர்ப்பிக்கிறாள். பின்னர் அவனையே தன் கணவனாகக் கற்பித்துக்கொண்டு உரையாடி, அவன் அழைப்பை மறுக்கிறாள். காதலைச் சிகிச்சையாக நடிக்குமாறு ராதா பணிக்கப்பட்டாள். பிரபாவோ சிகிச்சை செய்த கையுடன், தனக்கென ஒரு நாடகத்தைத் தானே அமைத்துக்கொள்கிறாள். இந்நாடகத்தில் மறுக்கும் உரிமை அவளுடையது. அறிவு பிறழாமலே தன்னைப் பற்றிப் பேசும் செவிலி இங்கு உருவாகிறாள். ஆயினும் அக்கூற்றைக் கேட்பவன் ஓர் அயலான் என்பது, கேட்கவேண்டியவர் எவரும் அருகில் இல்லை என்பதற்குச் சான்றாகும்.

புனைவுக்கு வெளியே

நிபா நோய் பரவிய 2018இல், கோழிக்கோட்டு மாவட்டத்துப் பேராம்பிரா அரசு மருத்துவமனைச் செவிலி லினி நோயாளியைப் பேணியதால் தொற்றுற்று மே 21ஆம் நாள் மறைந்தார். தனிமைப் பிரிவிலிருந்து கணவருக்கு அவர் எழுதிய சிறு மடல் நாடறிந்தது. இனிக் காண இயலாது என்ற உணர்வும் குழந்தைகளைப் பற்றிய வேண்டுகோளுமே அதன் பொருள். தியாகம் என்ற சொல்லைப் பிறர் அவருக்குச் சூட்டினர்; மடலில் பேசியவர் ஒரு தாய், ஒரு மனைவி. அவரை நினைவூட்டும் செவிலிப் பாத்திரம் 'வைரஸ்' (2019) படத்தில் இடம்பெற்றது.

மற்றொன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலி அருணா ஷான்பாக் தொடர்பானது. 1973 நவம்பரில் பணியிடத்திலேயே கொடுந்தாக்குதலுக்கு உள்ளாகி நினைவிழந்த அவரை, 2015 மே மாதம் இறக்கும்வரை அம்மருத்துவமனைச் செவிலியர் தலைமுறை தலைமுறையாகப் பேணினர். செவிலிக்குச் செவிலியர் ஆன நிலை இது. பிங்கி விரானி அவர் வாழ்வை 1998இல் நூலாக்கினார். கருணைக்கொலை வேண்டி அவர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2011 மார்ச்சில் தீர்ப்பளித்தபோது, அருணாவின் உற்ற துணையாகக் கருதத்தக்கவர் மனுதாரர் அல்லர், அவரைப் பேணிவந்த மருத்துவமனைப் பணியாளரே என்றது. புனைவு தயங்கித் தந்த கூற்றுரிமையை ஒரு நீதிமன்றம் சட்டத்தின் சொல்லால் தந்தது எனலாம். ஆயினும் இங்கு அருணா பேச இயலாதவர். அவர் எதை விரும்பியிருப்பார் என்பதை அறிவார் எவருமிலர். பேசாத தலைவிக்காகச் செவிலி பேசும்போது அவள் சொல்வது தலைவியின் விருப்பமா தன் அன்பின் விருப்பமா என்னும் பழைய அகச்சிக்கல், தீர்ப்புக்குப் பின்னும் தீராமலே நின்றது.

நிறைவாக

செவிலி கூற்று என்னும் அகமரபுக் கருத்தாக்கத்தை இக்காலப் புனைவுகளுக்குப் பொருத்திக் காண்கையில் ஒரு வளர்ச்சி புலனாகிறது. ராதாவிடம் கூற்று நோயாக வெளிப்படுகிறது. சமீராவிடம் பொருளியல் உண்மையாகத் தொடங்கி இடையில் அறுபடுகிறது. பிரபாவிடம் தன் விருப்பத்தைச் சொல்லும் மறுப்பாக நிலைபெறுகிறது. சங்கச் செவிலி தன் கால் நொந்ததைச் சொல்ல முடிந்தது, தன் விருப்பத்தைச் சொல்ல முடியவில்லை. இக்காலப் புனைவு இரண்டாவதை நோக்கி நகர்ந்திருப்பினும், முதலாவதாகிய கால்நோவை, அதாவது அன்றாடப் பணியின் உடல்தளர்ச்சியை, இன்னும் போதிய அளவு பேசவில்லை. தேவதை என்னும் புகழ்ச்சொல் அந்நோவைக் கேளாதிருப்பதற்குத் துணைசெய்கிறது. செவிலியர் எனப் பெயரிட்ட தமிழ், அப்பெயரோடு பழைய கூற்றையும் அவர்க்கு மீட்டுத் தருதல் முறையாகும்.