சிறைவாசலுக்கு அப்பால்

மால்கம் எக்ஸ் சொல்ல அலெக்ஸ் ஹேலி எழுதிய தன்வரலாறு 1965-இல் வெளிவந்தது. அந்நூலைப் புகழ்வோர் பெரும்பாலும் இரண்டு இடங்களையே எடுத்துக்காட்டுவர்: அமெரிக்கச் சிறையில் அவர் தாமே தேடிக் கற்ற கல்வி, 1964-இல் அவர் நிறைவேற்றிய ஹஜ்ஜு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில பக்கங்களே நூலின் உயிர்நிலை என்போம் நாம்.

1952-இல் சிறையிலிருந்து வெளிவந்தவரைத் தமையனார் வில்ஃப்ரெட் டெட்ராய்ட் பகுதியிலிருந்த தம் இல்லத்தில் சேர்த்துக்கொண்டார். தாம் பொறுப்பு வகித்த மரச்சாமான் கடையில் வேலையும் தந்தார். விடியலில் அக்குடும்பத்தார் முறைப்படி கைகால் கழுவி, ஒருங்கே நின்று தொழுததை நூல் மனங்கனிந்து விவரிக்கிறது. அவர்கள் அன்று சார்ந்திருந்த இயக்கத்தின் கொள்கை நம் ஈமானுக்கு ஒவ்வாதது. 1964-இல், ஹஜ்ஜுக்குச் சற்று முன்னர், மால்கமே அதிலிருந்து விலகினார். ஆயினும் அந்த வீடு செய்த பணி பிழையன்று. சிறையில் அரும்பிய மனமாற்றம் வெளியே வாடாமல் காத்தவை ஒரு கூரையும், ஒரு கூலியும், தொழுகையில் தோளோடு தோள் நின்ற உறவுமே.

தௌபாச் செய்தவரை அல்லாஹ் மன்னிக்கிறான் என்று மிம்பரில் முழங்குகிறோம். அவரே நம் கடைக்கு வந்து வேலை கேட்டால், கல்லாப்பெட்டிச் சாவியை இடுப்பில் தடவிப் பார்த்துக்கொள்கிறோம். மால்கமை வியப்பது எளிது. வில்ஃப்ரெட்டாக வாழ்வதன்றோ அரிது!